ஏழாவது அம்புக்கு ஒரு வரி

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் அந்த வாசம் அடித்தது. நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள் மேடம். இது ஸ்ரீராம்புரத்தில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு. டீச்சர் பேனாவைக் கொடுத்து, "தாத்தா, இன்னைக்கு நீங்களே ஒரு வாக்கியம் எழுதுங்க" என்றார். எழுபது வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. 'ழ' போடும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் நான் கூட்டித் துடைக்கிறவன், நீங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். ஆஸ்பத்திரியில் நோயாளி அடிக்கும் மணிக்கான வேலை அது. வெள்ளைப் பலகையில் நோயாளி, மணி, நர்ஸ் என்று மூன்று கோடுகளை நிறுத்தி, யார் யாரைக் கூப்பிடுவது என்று அம்பு அம்பாகப் போடுவீர்கள். ஒவ்வொரு அம்புக்கும் வேலைக்கான காகிதக் கட்டுக்குள் ஒரு வரி இருக்க வேண்டும். "படத்துக்கு எல்லாரும் தலையாட்டுவாங்க ஐயா. வரி இல்லன்னா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க" என்பீர்கள்.

படிக்காத எனக்கும் படம் புரிந்தது. "நர்ஸம்மா வரலைன்னா, படுத்திருக்கறவன் கதி என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டேன். பேனா மூடியைக் கடித்தபடி நின்றீர்கள். பிறகு சிவப்பில் ஏழாவது அம்பு போட்டீர்கள்: மணி அடுத்த நர்ஸுக்குப் போகும். கீழே அதற்கான வரியையும் எழுதினீர்கள்.

அன்று மாலை பலகையைத் துடைத்தேன். எனக்குப் புரிந்த படம் அழியக்கூடாதென்று துணியை விரலில் சுற்றி, எழுத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "வரியைத் துடைச்சிட்டுப் படத்தைக் காப்பாத்தியிருக்கீங்க! நல்ல ஆளுய்யா. விடுங்க, திங்கக்கிழமை காகிதக் கட்டுலயே சேத்துடறேன்."

திங்கட்கிழமை உங்கள் மேசையில் உங்கள் போட்டோவும் மாலையும் இருந்தன. ஓசூர் ரோட்டில் விபத்து என்றார்கள்.

உங்கள் இடத்துக்கு வந்தவர் பலகையையும் காகிதக் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ரெட் ஆரோ டாக்குமெண்ட்லயே இல்லயே. அழிச்சிடுங்க தாத்தா."

"மேடம் போட்டது சார்."

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

எதைக் காட்டுவேன்? அம்பையும் என் கையாலேயே அழித்தேன்.

இன்று வகுப்பில் மற்றவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள். நான், 'நர்ஸ் வராவிட்டால் மணி அடுத்த நர்ஸுக்குப் போக வேண்டும்' என்று எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை என்று டீச்சர் கைதட்டினார். அதையே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அந்த வேலை என்றோ முடிந்து, மணிகளை அந்த அம்பு இல்லாமலேயே எந்தெந்த ஆஸ்பத்திரிகளிலோ மாட்டியாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் இப்போது என்னை அடையாளம் தெரிந்தவர் இல்லை.

வரி இருக்கிறது மேடம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.