ஷட்டரில் எழுதியது

என் கோவக்காரிக்கு,

உங்க அக்கா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? சிகரெட்டை விட்டுடறேன்னு நான் வாயால சொன்னதெல்லாம் காத்தோட போச்சு. அதான் இந்தத் தடவை நம்ம கடை ஷட்டர்லயே எனாமல் பெயிண்டால எழுதிட்டேன்: "இந்த பெயிண்டர் இனி சிகரெட் பிடிக்க மாட்டான்."

ஊருக்கெல்லாம் போர்டு எழுதுறவன், நான் எழுதினதை நானே பொய்யாக்க முடியுமா? கை பரபரங்கும்போது ஷட்டரைப் பார்த்தாலே வெட்கமா இருக்கு. எதிர்க்கடைக்காரரும் படிச்சுட்டார். சிகரெட் கேட்டா மிட்டாய்தான் தர்றார். தொப்பை போட்டுடுச்சு, சிரிக்காதே.

கீழே சின்ன எழுத்துல, "மீறினால் என் மனைவியிடம் சொல்லவும்"னு உன் நம்பரையும் போட்டிருக்கேன். இதுவரைக்கும் யாராவது கூப்பிட்டாங்களா?

இல்லேல்ல? அப்போ கிளம்பி வா.

மிட்டாயும் கையுமா,
உன் பெயிண்டர்