பச்சை எரிந்த நேரம்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். நீ, அத்தான், பையன் எல்லாரும் சுகமா? என் வீட்டுக்காரர் அடக்கம் முடிந்து பஸ் ஏறிப் போனவள்தான் நீ. அப்புறம் எப்போது போன் செய்தாலும் "அடுப்புல பால் வச்சிருக்கேன்டி" என்று வைத்துவிடுகிறாய். ஒரு வீட்டில் எவ்வளவு பால்தான் அக்கா காயும்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் என்னைப் பாதியில் நிறுத்த முடியாது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவுதான் வரும்.

கம்பெனித் தாள் வந்தது. வேலை நேரத்தில் குழியில் தவறி விழுந்து இறந்தார் என்று போட்டிருக்கிறார்கள். அக்கா, அவர் உடம்பைத் துடைத்தவள் நான். தவறி விழுந்தவனுக்கு மண்டை உடையலாம். இரண்டு கை விரலும் எப்படி உடையும்? அடி விழும்போது தலையைக் கையால் மூடிக்கொண்டவனுக்குத்தான் விரல் உடையும். முதுகில் கம்பித் தடம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. குழிக்குக் கை உண்டா?

பாதி உனக்கும் தெரியும். இங்கே அவர் வேலை பார்த்த கிடங்கு ஆபீஸ், அங்கே அத்தான் இருக்கும் பெரிய ஆபீஸ். பார்சல் கணக்கு போய்வர இரண்டுக்கும் நடுவில் தனியாக வாடகைக்கு எடுத்த லீசு லைன். அது மாதக்கணக்கில் விழுந்து விழுந்து எழுந்தது. கோளாறு கிடங்கில் என்று அங்கே சொன்னார்கள். கோளாறு பெரிய ஆபீசில் என்று இங்கே சொன்னார்கள். டெலிபோன்காரர்கள் வந்து, எங்கள் கம்பி சுத்தம் என்று கையைக் கழுவினார்கள். இவரும் அத்தானும்தான் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து மோடத்தை மாற்றி, வயரை மாற்றி, போனிலேயே குடித்தனம் நடத்தினார்கள். ஒருவர் "வை" என்று சொல்லாமல் மற்றவர் போனை வைக்கக் கூடாது, அது அவர்கள் சட்டம். "நீங்க என்னைக் கட்டுனீங்களா, சகலையைக் கட்டுனீங்களா?" என்று நான்கூடக் கேட்பேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது தானாகச் சிரித்தார். "இது லைன் கோளாறு இல்லடி. காலையில வேலைக்கு வருது, மத்தியானம் சாப்பிடப் போகுது, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது. இது எவனோ ஒருத்தன்" என்றார். அந்த ஒருத்தனைத் தேடி, கம்பி போகும் தெரு முழுக்க நடந்தார். இரும்புப் பட்டறை வாசலில் இருந்த டெலிபோன் கம்பிக் குழியின் மூடியைத் தூக்கினார். பட்டறைக்காரன் திருட்டுக் கரண்டு இழுத்த வயர் நம் லைன்மேலேயே படுத்திருந்ததாம். மெஷின் ஓடினால் லைன் சாகும்.

இதையெல்லாம் எதிர்க் கட்டடத்துக் காவல்காரர் வீடு தேடி வந்து சொன்னார். "நாலு பேரும்மா. கம்பியாலயே அடிச்சாங்க. உங்க வீட்டுக்காரர் போன் சேத்துல கெடந்துச்சு. அதுக்குள்ளேருந்து ஒரு ஆள் விடுங்கடா, விடுங்கடான்னு கத்திக்கிட்டே இருந்தான்." சொல்லிவிட்டுப் போன மனுஷன் வேலையையும் விட்டுவிட்டார், ஊரையும் விட்டுவிட்டார்.

அந்தக் குரல் அத்தான் குரல். ஆனால் எதுவும் கேட்கவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டுச் சொல். நீதிபதி முன்னால் வந்து கேட்டதைக் கேட்டபடி சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

உன் சின்னவள்


மார்ச் 21

என் தங்கமே,

உன் கடிதத்தை அடுப்படியில் ஒளிந்து படித்தேன். பால் பொய்தான். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாயில் வார்த்தை வருவதில்லை, என்ன செய்ய.

அத்தான் முன்பு மாதிரி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் அடித்தால் எழுந்து கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். "தம்பி விஷயத்துல என்ன கேட்டீங்க?" என்று நானும் கேட்டேன். "சத்தம்தான்" என்றார்.  அனுமதி இல்லாமல் குழியைத் திறக்கச் சொன்னவர் அவர்தான் என்று அவர்மேலேயே திருப்பிவிடுவோம் என்று ஆபீசில் அவரை மிரட்டி வைத்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். போகும்போது ஒருவன் "பையன் எந்த ஸ்கூலு, அக்கா?" என்றான்.  அவனே பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நீ சின்ன வயதிலேயே நாயைக் கல்லெறிந்து துரத்துகிறவள். நான் கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் அள்ளி வெளியே விடுகிறவள். என்னை இதில் இழுக்காதே கண்ணு. போனவர் வரப்போவதில்லை. பிள்ளையோடு இங்கே வந்துவிடு, மாடியறை சும்மாதான் கிடக்கிறது. அவளுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளம், மடித்துவிடு.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

நான் பட்டறைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வாசலில் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து மெஷின்மேல் வீசினேன். பட்டறைக்காரன் என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தெருவரைக்கும் தரையோடு இழுத்தான். "உன் புருஷன் விழுந்த குழி அந்தா இருக்கு. நீயும் விழுறியா?" என்றான். அவன் கையைக் கடித்தேன் அக்கா. பல் எலும்பில் தட்டும்வரை கடித்தேன். வயிற்றில் உதைத்தான், அப்படியும் வாயைத் திறக்கவில்லை. அவன் அலறல் மெஷினைவிட அதிகமாகக் கேட்டது. தெருவே பார்த்தது, ஒருவரும் கிட்டே வரவில்லை. அந்த ரத்தத்தை வீட்டுக்கு வந்துதான் துப்பினேன். அவர் போனபிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் என்மேலேயே கேஸ் போடுவேன் என்று குதித்தார். அப்புறம் குரலை இறக்கி, "பாத்தவன் ஓடிட்டான். கேட்டவனாவது வரணும்மா. இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா ஃபைலை மூடிருவாங்க" என்றார்.

அத்தானிடம் சொல். அடித்தவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். என் புருஷன் கடைசியாக என்ன பேசினார்? அதைக் கேட்ட காது இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கடைசிப் பேச்சு என்னுடையது. அதைக் கழிப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ள அவர் யார்? சுத்தமாகப் பயந்துவிட்டார் என்றால், பயந்தவனுக்குச் சேலை ஒன்று அனுப்பி வைக்கிறேன், கட்டிக்கொள்ளட்டும். அவர் வரவில்லை என்றால் எனக்கு அக்காவும் இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளே,

நீ கடித்த கடிக்கு அவர்கள் இங்கே வந்து பதில் சொன்னார்கள். அத்தானின் வலது கையைக் கதவு இடுக்கில் பிடித்து வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடவை இல்லை. மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். பட்டறைக்காரன் என்னை எட்டி உதைத்துவிட்டு, பையனைக் காட்டி, "அடுத்தது சின்னது" என்றான். கதவில் ஒட்டியிருந்ததை நான்தான் துடைத்தேன். சேலையை நீ அனுப்ப வேண்டாம். துடைக்க என் சேலையே போதுமாக இருந்தது.

அக்கா இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். அப்படியே இருக்கட்டும். இனி எழுதாதே.

இதற்குக் கீழே என்ன போடுவது என்று தெரியவில்லை.


மே 6

அக்கா,

எழுதாதே என்றாய். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அதெல்லாம் புரியாது.

இதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உன்னிடம் கொடுப்பார்களாம். பிரிக்கிற அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் அக்காவுக்கு ஒரு துடைப்பம் கொடுத்துவிடுங்கள். ஜெயிலாக இருந்தாலும் பெருக்காத தரையில் அவள் படுக்க மாட்டாள்.

அத்தான் எல்லாம் சொன்னார். அவர்கள் மறுபடி வந்து பையன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்ததையும், நீ அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியோடு வெளியே வந்ததையும். பட்டறைக்காரன் முகத்தில் ஒரு பக்கம் தோல் இல்லையாம். ஒரு கண் போய்விட்டது. அவனோடு வந்தவன் படிக்கட்டில் உருண்டு ஓடினானாம். போலீஸ் வரும்வரை நீ காலிச் சட்டியைக் கீழே வைக்காமல், "யார் வீட்டுக் கதவுடா அது? யார் வீட்டுக் கதவு?" என்று கேட்டுக்கொண்டே நின்றாயாம். கரப்பான்பூச்சியைக் காகிதத்தில் அள்ளுகிறவள்! கேட்டதும் சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாளே பையனைக் கூட்டிக்கொண்டு அத்தான் இங்கே வந்தார். மாதம் முடிவதற்குள், கையில் கட்டோடு நீதிபதி முன்னால் போய் நின்றார். "இனிமே எனக்கென்ன பயம்? எனக்கிருந்த தைரியமே இப்ப உள்ள இருக்கு" என்றார். என்னையும் பின்னால் உட்கார விட்டார்கள். உன்னிடம்கூடச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர் குழிக்குள் இருந்தாராம். அத்தான் அங்கே மோடத்தின் விளக்கைப் பார்த்தபடி போனில் இருந்தாராம். திடீரென்று சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "சகலை, வந்துடுச்சு! என்ன பண்ணுனே?" என்று கத்தியிருக்கிறார். இவர் சொன்னாராம்: "நான் ஒண்ணையும் தொடலையே. பட்டறையில மெஷினை நிறுத்திட்டாங்க. இருங்க, யாரோ வராங்க."

அக்கா, மெஷின் ஓட்டுகிறவர்களேதான் அடிக்க வந்திருக்கிறார்கள். அதனால்தான் லைன் வந்தது. அவர்கள் அடித்த நேரம் முழுக்க அங்கே பச்சை எரிந்திருக்கிறது. தேங்கிக் கிடந்த பார்சல் கணக்கெல்லாம் மளமளவென்று போனதாம். பக்கத்து அறையில் கை தட்டினார்களாம். அந்தக் கைதட்டலில் அத்தான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பிறகு பச்சை அணைந்து சிவப்பு வந்தது. "அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. முடிச்சுட்டு வேலைக்குத் திரும்பிட்டாங்க" என்றார் அத்தான். 

கடைசியாக என்ன சொன்னார் என்று, கோர்ட்டென்றும் பார்க்காமல் நான் எழுந்து கேட்டேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அத்தான் என் பக்கம் திரும்பினார். "வச்சுடாதீங்க சகலைன்னார். நான் வைக்கலம்மா. அந்தப் போன்ல சார்ஜ் இருந்த வரைக்கும் நான் வைக்கல. உள்ளே மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பவும் வைக்கல."

ஆகவே அவர் தனியாகச் சாகவில்லை அக்கா. எனக்கு அது போதும். அத்தானுக்கு நான் எழுதிய சேலை வார்த்தைக்கு அவர் காலைத் தொட்டேன்.

நாலு பேரையும் பிடித்துவிட்டார்கள். பட்டறைக்காரன் கட்டிலோடு விலங்கு போட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பட்டறைக்குப் பூட்டு. லைன் இப்போது விழுவதே இல்லையாம், அதைச் சொல்ல இரண்டு பக்கமும் ஆளில்லை.

உன் பையனும் என் பிள்ளையும் விடிந்தால் சண்டை. ஸ்வெட்டர் அவளுக்கு மட்டும் ஏன் பின்னினாய் என்று கேட்கிறான். அதை நீ வந்து சொல். வாய்தா நாளில் நாங்கள் எல்லாரும் வருவோம். நீ பார்க்க மாட்டேன் என்றாலும் வாசலில் நிற்போம். நீ வை என்று சொன்னாலும் நான் வைக்க மாட்டேன்.

போன கடிதத்தில் கீழே ஒன்றும் போடாமல் விட்டுவிட்டாய். அக்கா என்று போட்டு அனுப்பு.

சின்னவள்