டீவியில் படிந்த குசினி

மச்சான்,

சலவைத்தூள் விளம்பரம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திரை முழுக்க வெள்ளைச் சட்டையாக நிறையும்போது அந்த வெள்ளைக்குள் மங்கலாக ஒரு குசினி தெரிகிறது. ஒரு யன்னல், இரண்டு அலுமாரிக் கதவுகள், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கேத்தல். லண்டனில் இருக்கும் உன் மகளின் குசினி. நீ கண்ணை மூடிய பிறகு கொட்டாஞ்சேனை வீட்டைக் காலி செய்த உன் மகள், இந்த டீவியை என் தலையில் கட்டிவிட்டாள். இப்போது அது வெள்ளவத்தையில் என் சுவரில் தொங்குகிறது.

டீவி விஷயத்தில் உன்னைப் போல ஒரு மடையனை நான் கண்டதில்லை. உன் கலியாணத்துக்கு வாங்கிய டியூப் பெட்டி, உன் மகள் பெரியபிள்ளையாகும் வரை ஓடியது. எப்போதாவது மக்கர் செய்தால் கிராண்ட்பாஸிலிருந்து ரிப்பேர்கார நானா வந்து உள்ளே எதையோ சூடு வைப்பார், பிளேன்டீ குடிப்பார், போய்விடுவார். அதோடு செலவு முடிந்தது. உனக்கு அது போதவில்லை. பிளாஸ்மா வாங்கினாய். அது கரண்டைக் குடித்து அறையை வெதுப்பகமாக்கியது. அந்தச் சூட்டைத் தாங்க இரண்டு ஃபேன் போட்டுக்கொண்டு, படம் துல்லியம் என்று பீற்றிக்கொண்டாய். பிறகு எல்ஈடி. அதில் பாதித் திரை இருண்டபோது பின்னாலிருந்த விளக்குப் பட்டியை மட்டும் மாற்றினார்கள், பழையபடி ஓடியது. புத்தியுள்ளவன் அதோடு நின்றிருப்பான்.

நீ ஓலெட்டுக்குப் போனாய். ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிருமாம், கறுப்பு என்றால் அசல் கறுப்பாம். தானாக ஒளிர்வது தானாகவே மங்கும், மங்கினால் விளக்குப் பட்டி மாற்றுகிற கதை இல்லை, முழுத் திரையையும் மாற்ற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரே படத்தை நெடுநேரம் வைத்தால் தடம் விழும். ரிமோட்டால் அணைத்துவிட்டு பிளக்கை அப்படியே விட்டால், அது தன்னைத் தானே கொஞ்சம் துடைத்துக்கொள்ளும். பெட்டியோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. நீயோ ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றினாய்.

“இடி விழுந்தா நீயா புதுசு வாங்கித் தருவாய்?” என்றாய்.

“வானத்தில ஒரு முகில் இல்லையடா.”

“அதுக்கென்ன, பழகின கை.”

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உனக்கு ஒரே வேலைதான். லண்டனில் அப்போது காலை. உன் மகள் குசினியில் டேப்லெட்டை நிறுத்திவைத்து உன்னோடு கதைத்தபடி தேத்தண்ணி போடுவாள். அவளைச் சுவரளவு பெரிதாகப் பார்க்க போனை டீவியோடு இணைத்து வைத்திருந்தாய். அவள் வேலைக்கு ஓடிவிடுவாள், அழைப்பு அப்படியே கிடக்கும். நீ பின்னேரம் வரைக்கும் வெறும் குசினியைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

“ஒரு கேத்தலைப் பார்க்கவா இவ்வளவு பெரிய ஓலெட்?” என்று கேட்டேன்.

“அவள் எனக்காகத்தான் போட்டுவைச்சிட்டுப் போறாள். அப்பா தனிய இருக்கக் கூடாதெண்டு.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன கிழமை உன் மகள் போனில் பிடிவாதம் பிடித்தாள். “அங்கிள், அந்த டீவி பழுதாப் போச்செண்டு சொன்னீங்கள் தானே. குடுத்திட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ, காசை நான் பார்த்துக்கொள்ளுறன்.” காலி வீதியில் இருக்கும் டீவிக் கடைக்குப் போனேன். அங்கே டை கட்டிய ஒருவன், எந்தத் திரை எத்தனை மணித்தியாலம் உழைக்கும் என்று ஒப்புவித்தான். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, “உங்கட ஆயுளுக்கு இது தாராளமாக் காணும் அங்கிள்” என்றான். பழசைத் தந்தால் விலையில் கழிப்பார்களாம், சனிக்கிழமை வந்து தூக்குவார்களாம். அவனுடைய டையைப் பிடித்து இழுக்கவேண்டும் போலிருந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை உன் மகள் வீடியோவில் வந்தபோது டீவித் திரையை வெள்ளையாக்கி, போனை அதன் பக்கம் திருப்பினேன். எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்று பார்க்கட்டுமே என்றுதான். அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

“அது என்ர குசினி, அங்கிள்.”

“ஓம். கொப்பர் பின்னேரம் வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்.”

“நான் பஸ்ஸுக்கு ஓடுறனான். அப்பா தன்ர பக்கம் கட் பண்ணியிருப்பார் எண்டுதான் நினைச்சனான். அவர் ஒண்டும் நினைக்கேல்லையே, அங்கிள்? நான் மறந்துபோய் விட்டிட்டுப் போறன் எண்டு?”

உன்னை நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தனை நாளும் யாரும் உனக்காக எதையும் போட்டுவைக்கவில்லை, மடையா.

“நீ தனக்காகத்தான் போட்டுவைச்சிட்டுப் போறாய் எண்டு எனக்குப் பெருமையாச் சொன்னவர்,” என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டை கட்டியவன் போன் எடுத்து, பிளக்கைக் கழற்றாமல் சில நாள் விட்டுப் பாருங்கள், தடம் கொஞ்சம் குறையும் என்றான். எனக்குத் தெரியாததா? உன்னிடம் தொண்டை கிழியச் சொன்னது அதுதானே.

இப்போது தினமும் செய்தி முடிந்து டீவியை அணைத்ததும் எழுந்து போய்ப் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். வானத்தில் ஒரு முகில் இருப்பதில்லை.