மூச்சில் தெரிந்த புறா

தை மாதக் கடைசிச் செவ்வாய், இரவு.

மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகைதான் என் இழுப்புக்குக் காரணம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இன்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். புறா இறகு ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ அளவு மிக அதிகம். பிறகு ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மூச்சுக்குழாய் வீக்கத்தைக் காட்டும் நைட்ரிக் ஆக்சைடு சென்ற முறையைவிடக் கூடியிருந்தது. இன்ஹேலர் பஃப் தவறாமல் எடுக்கிறேன் என்றேன்.

"நம்புறேன் ஐயா. ஆனா உள்ள வீக்கம் குறையலையே. வீட்ல புறா இருக்கா?"

இருக்கிறது. மாடி முழுக்க மாப்பிள்ளையின் பந்தயப் புறாக்கள். நான் இருப்பதோ அவர் வீட்டில். புறாக்களை வேறிடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வீட்டு வாசலிலேயே மாப்பிள்ளை கேட்டார். "இன்னா மாமா, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"தூசியாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

"அதான பாத்தேன்! கீழ லாரி தூசி ஒரே பேஜாரா கீது. நாளைக்கே உன் கட்டில மாடில போட்டுர்றேன். புறாக் கூண்டாண்ட கடல் காத்து சும்மா அள்ளும்."

மகள் அவரைக் காட்டிச் சிரித்தாள். "பாத்தியா நைனா, புறாங்களுக்கு அப்பால உன்மேலதான் அதுக்கு உசுரு."

இவ்வளவு பிரியமாகப் பேசுபவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது?

சற்றுமுன் படியடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. "தோ வர்றேன் மாமா" என்று மேலிருந்து பதில் வந்தது. இப்போது இறங்கி வருகிறார். பேனாவை மூடிவிட்டுச் சொல்லிவிட வேண்டும்.