இரண்டாவது கியர் விழவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று அடுத்த வரியை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அவர் நலமா இல்லையா என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் விழுந்துடுச்சு விழுந்துடுச்சு, அப்பா கத்துறார் பாரு என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது. நீ பதறிப்போய் எதிர்வீட்டு வாத்தியாருக்குப் போன் போட்டு அப்பாவுக்கு எலும்பு முறிந்ததா என்று கேட்டிருக்கிறாய். யாரும் விழவில்லை அம்மாடி. உன் காரில் இரண்டாவது கியர் விழுந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் கத்தினார். எனக்கு இந்த மெக்கானிக் பாஷையே பிடிபடவில்லை. பல் விழுந்தால் கவலை, பாத்திரம் விழுந்தால் திட்டு, கியர் மட்டும் விழுந்தால் நல்லதாம், விழாவிட்டால்தான் அன்றைக்கு வீட்டில் யாரும் பேசக்கூடாதாம்.

நீ வெளிநாடு போகும்போது பாட்டரி இறங்காமல் வாரம் ஒருமுறை ஓட்டினால் போதும் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய். நீ லீவில் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு வேறு வேலையே இல்லை. அந்த இரண்டு ஸீட் வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கி உன் கையில் கொடுக்க வேண்டுமாம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கர்ரென்று ஒரு சத்தம், அடுப்படி வரைக்கும் கேட்கும். நீ ஸ்பேனர் என்று பெயர் வைத்தாயே அந்த மெக்கானிக், அவர் வந்து கியர் ஆயில் பழசாகிவிட்டது என்று மாற்றினார். வாத்தியார் போனில் எதையோ பார்த்துவிட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு தண்ணியான ஆயில் ஆகாது, கெட்டியாக ஊற்றணும் என்றார். கெட்டியாக ஊற்றியதும் காலையில் வண்டி சூடாகிற வரைக்கும் கியர் அசையவே இல்லை. மறுபடியும் தண்ணியானதையே ஊற்றினார்கள். பிறகு கியர் கம்பிக்கு அடியில் இருக்கும் புஷ் என்கிற ரப்பர் வளையமெல்லாம் தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கிவந்து என் வெங்காயத் தட்டிலேயே வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை நான் வாஷர் என்று நினைத்துக் குழாய்க்காரரிடம் கொடுத்துவிட்டேன், அவரும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். குழாய் இப்போது ஒழுகுவதில்லை, காருக்குத்தான் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மறுநாள் பழையபடி கர்ர். இப்போது கம்பி நீளமாக இருப்பதுதான் குறை, குட்டைக் கம்பி போட்டால் சரியாகிவிடும், அது அங்கேதான் கிடைக்கும் என்று உனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. செவ்வாய்க்கிழமை நான் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது, ஸ்பேனர் வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னை ஏற்றிக்கொண்டார். போகவர ஒரு தடவைகூட அந்தச் சத்தம் வரவில்லை. கேட்டதற்கு, வண்டில ஒண்ணுமில்லம்மா, சார்தான் கிளட்சை முழுசா மிதிக்கிறதில்ல, பாதியிலயே கியரைத் தள்ளிடுறார், கேட்டா மிதிச்சுட்டுத்தான் இருக்கேங்கறார் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையைச் சரியாகச் செய்யாமல் பழியை வீட்டுக்காரர் தலையில் போடுகிறாரே என்று நினைத்து முகம் கொடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்தார். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. போய்ப் பார்த்தால் கிளட்சுக்கு அடியில் கிடக்கிறது. அது கழன்றதும் அவருக்குத் தெரியவில்லை, ஷெட்டிலிருந்து வாசல் வரைக்கும் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. குதிகாலில் ரத்தம் வேறு. துணியை நனைத்துத் துடைத்தேன், என்ன பண்றே என்று கேட்டார், சேறு ஒட்டியிருக்கு என்றேன். சர்க்கரை இத்தனை வருஷமாக இருக்கிறதே, அது காலுக்கு வந்துவிட்டதா, வேறு ஏதாவதா, ஒன்றும் தெரியவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் கியர் வேலை முடியட்டும் என்கிறார். முடிகிற வேலையா அது. இடது காலுக்கு வந்தது வலது காலுக்கு வர எவ்வளவு நேரம், பிரேக் அந்தக் காலில்தானே இருக்கிறது. தெருமுனையில் பள்ளிக்கூடம். நேரே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அவர் அந்த வண்டியைத் துடைக்கிற அழகைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். சொல்வது சரியா சொல்லாமல் இருப்பது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தோன்றியது இதுதான். நீ அந்தக் கம்பியை அனுப்பாதே. அனுப்பினால் மாட்டுவார், மாட்டினால் ஓட்டுவார். வண்டிக்குச் சொந்தக்காரி நீ, நான் வரும்வரை யாரும் எடுக்க வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே எழுது. கோபம் உன்மேல் வந்தால் நாலு நாளில் போய்விடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று எழுது. இருவரும் குறை ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அதை மட்டும் மறந்துவிடாதே.

உன் பிரியமுள்ள
அம்மா

மகளே, தபாலில் சேர்க்கச் சொல்லி அம்மா இதை என் கையில் கொடுத்தாள், உறையை ஒட்டாமலே. மறந்து கொடுத்தாளா வேண்டுமென்றே கொடுத்தாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. கிளட்சில் கால் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. குறை வண்டியில் இருந்துவிடட்டும் என்றுதான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். கம்பி வேண்டாம். நாளை டாக்டரிடம் போகிறோம், பஸ்ஸில்தான். நீ வந்ததும் நீ கிளட்சை மட்டும் மிதி. பக்கத்து ஸீட்டிலிருந்து நான் கியர் போடுகிறேன். அப்பா.