கலாபாவின் இரண்டாவது கோடு

சம்ஃபியா
3 மே 2007

கலாபாவின் அப்பாவுக்கு,

நலமா? சுரங்கத்து இருமல் தேவலையா? நேற்று மருத்துவமனையில் நம் ஒன்பது மாதக் கலாபாவின் விரலில் குத்தி, ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டார்கள். இரண்டு கோடு. என்னிடம் உள்ள எய்ட்ஸ் கிருமி பிள்ளைக்கும் இருக்கலாமாம். இன்னொரு சோதனைக்குத் தலைநகர் லுசாகாவுக்கு ரத்தம் போயிருக்கிறது. பதில் வர நாளாகும். அதுவரை சும்மா இருக்க மனம் வருமா? பிள்ளைக்குக் கிள்ளிக் கொடுக்காமல் நம் ஊரில் எந்தத் தாய் உப்வாலிக் களி தின்கிறாள்? என் மாத்திரையிலும் பாதியை நுணுக்கி அவளுக்குக் கொடுக்கிறேன். நர்ஸுக்குத் தெரியாது. கிருமி உங்களுக்கு இல்லை, எனக்குத்தான் என்று தெரிந்ததும் கிட்வே போனவர், ஒரு தடவை வந்து எங்களைப் பாருங்கள்.

உங்கள்
ம்வாப்பே

கிட்வே
14 மே 2007

அன்புள்ள ம்வாப்பே,

கடிதம் கண்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கலாபாவுக்குக் காய்ச்சல் உண்டா? எடை குறைகிறதா? மாத்திரையை நிறுத்தாதே; இன்னும் கால் பங்கு கூட்டியே கொடு. "தாயும் பிள்ளையும் சாகப்போறதுதானே, நீ எதுக்குடா அங்க ஓடறே?" என்கிறாள் என் அக்கா. அவள் வாய் அப்படி. லுசாகாவிலிருந்து நல்ல சேதி வரட்டும், அடுத்த பஸ்ஸிலேயே வந்து பிள்ளையை அழைத்துப்போகிறேன்.

கபாசோ

சம்ஃபியா
20 ஜூன் 2007

கலாபாவின் அப்பாவுக்கு,

பிள்ளைக்குக் கிருமி இல்லை. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கோடு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"கிருமிமேல இருக்கறது ஆன்டிஜென். அதை எதிர்க்க நம்ம உடம்பு செய்யறது ஆன்டிபாடி. பட்டை ஆன்டிபாடியை மட்டும்தான் பாக்கும். அது உன்னோடதும்மா, வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்குப் போனது. கொஞ்ச மாசத்துல தானா கரைஞ்சிடும். லுசாகாவுல கிருமியையே தேடினாங்க, இல்லை" என்றாள் நர்ஸ் சிசங்கா.

அப்போதுதான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டி, பைத்தியமா நீ? பெரியவங்க மாத்திரை பிள்ளைக்கு விஷம்! பாதி தின்னா உனக்குள்ள கிருமி தலைதூக்காதா?" என்று கத்திவிட்டு, கலாபாவைப் பரிசோதித்தாள். பிள்ளை தப்பித்தாள். என் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். முடிவு வரவில்லை. பயமாக இருக்கிறது.

பாதி மாத்திரையில் நான் என்ன ஆவேன் என்று அவள் கேட்டாள். நீங்கள் இன்னும் கால் பங்கு கேட்டீர்கள்.

நல்ல சேதி வந்துவிட்டது. ஆனால் பஸ் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
கலாபாவின் அம்மா