கடைசி ஸ்டேஷனை எடுத்துவிட்டேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டிய இடம் இது, ஆனால் கேட்கக் கை வரவில்லை, அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். நீயும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டீர்கள் என்று தெரிந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. யார்மேல் தப்பு என்று நான் விசாரிக்கப் போவதில்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "என் ரூம் முழுக்க அப்பா ரயில் வச்சிருக்காரே, அவரத் தொந்தரவு பண்ண வேணாம், நான் ஏதாவது ஹாஸ்டல்ல தங்கிக்கறேன்" என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாமே. அடி அசடே, அப்பா வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு உனக்கு? அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நீ சொன்னதிலும் பொய்யில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா உட்கார முடியாமல், சிமெண்ட் ஆலைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய கிளை ரயில்பாதையை மாடலாகச் செய்கிறேன் என்று ஆரம்பித்தவன்தான், பலகை நீண்டு நீண்டு உன் கட்டில் கிடந்த மூலையையும் பிடித்துக்கொண்டது. கட்டிலைப் பிரித்துப் பரணில் ஏற்றினேன். அந்த மூலையில்தான் பாதையின் கடைசி ஸ்டேஷன். நிஜத்தில் தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்ட இடம் அது, இப்போது லாரி நிறுத்துகிறார்கள். நானும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் லாரிகளுக்கு நடுவில் குனிந்து நடைமேடையின் அஸ்திவாரத்தை அளந்தேன், "என்ன சார், நிலம் வாங்கப் போறீங்களா?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஸ்டேஷனின் திறப்பு விழாப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு வாங்கி, சுவரில் மாட்டி, லென்ஸ் வைத்துத் தூண், ஓடு, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆபீஸில் காலமெல்லாம் வரைபடம் போட்ட கை, ஒரு நூல் தப்பினாலும் எனக்குத் தூக்கம் வராது. அம்மா என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் இப்போது சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

நீ போன் பேசிய மறுநாள், அம்மா அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, இந்த இன்ஜினுக்குப் புகைபோக்கியே காணோமே?" என்றாள், என்னவோ உப்பு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி. லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் கொடி கட்டிக்கொண்டு நிற்பது டீசல் இன்ஜின். கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் ரயிலைப் பார்க்கவில்லை, சிரிக்காதே. நான் ஓட்டுவதோ நீராவி இன்ஜின். அடித்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவரிடம் போய்க் கேட்டேன், அவரும், "ஆமா சார், நீராவி எல்லாம் போனப்புறம்தான் அந்த ஸ்டேஷனத் தொறந்தாங்க" என்றார். ஆக என் பலகையில் ஒன்று இன்ஜின் இருக்க வேண்டும், இல்லை ஸ்டேஷன் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது. "ஒரு டீசல் வாங்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது" என்றார் மாடல் கடைக்காரர். அவருக்கென்ன, கடை வைத்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்தேன்.

ஸ்டேஷனை முழுசாக எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன், அந்த மூலையில் இருந்த பலகையையும் அறுத்தெடுத்தாயிற்று. கட்டில் பரணிலிருந்து இறங்கிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, மெத்தையை அம்மா வெயிலில் காயப்போட்டாள். உனக்காக இடம் ஒதுக்கினேன் என்று நீ கூசவே வேண்டாம், நீராவி ஓடிய அந்தக் காலத்தில் அங்கே ஸ்டேஷன் கிடையாது, அவ்வளவுதான். புகைபோக்கி விஷயத்தை எப்போது கவனித்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். "மாட்டின அன்னிக்கே பாத்தேன். ஆசையா செய்யறீங்களேன்னு விட்டுட்டேன், இப்ப தேவப்பட்டுது, சொன்னேன்" என்கிறாள். இவளோடு எப்படிக் குடும்பம் நடத்தினேனோ!

உடம்பைப் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து அழாதே, அழுவதென்றால் இங்கே வந்து அழு, நாங்கள் இருக்கிறோம். நீ எங்கே இருந்தாலும் மனசு குளிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு ஆசையில்லை. கனமான பெட்டியை நீயே தூக்காதே, என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல், நான் வந்து நிற்பேன். ஒன்று மறந்தேன். என் முதல் வண்டி காலையில் சீக்கிரமே கிளம்பும், சத்தம் கொஞ்சம் அதிகம். இனிமேல் நீ தூங்கி எழுந்த பிறகுதான் அது கிளம்பும் என்று கால அட்டவணையைத் திருத்திவிட்டேன். இதற்கு மட்டும் என்னிடம் படம், சாட்சி என்று எந்த ஆதாரமும் இல்லை.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா